பம்ப் ஷெட்டில் டவர் எடுத்த போன்

அன்று மதியம் மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் போனில் வரும் பதிவுக் குரல் வேறு வாக்கியம் சொன்னது.

அதற்கு முன் இரண்டு மணி நேரமாக, நான் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதுவே எனக்கு விளங்கவில்லை. என் கணவர் போனில் பேசுகிற ஆள் இல்லை. "ம்", "சரி", "வச்சிடு" என்று முடித்துவிடுவார். அவர் யாரோடு இவ்வளவு நேரம் பேசுகிறார் என்று எரிச்சலாக இருந்தது. வெளியே முந்தின நாளிலிருந்து விடாத மழை. காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். மூன்று மணிக்குள் ஷிப்ட் பஸ் எங்கள் பிளாக் முனையில் அவரை இறக்கிவிட்டுப் போயிருக்க வேண்டும். பஸ்ஸும் வரவில்லை, அவரும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது குரல்.

இரண்டும் ஒன்றுதானே, எப்படியும் பேச முடியவில்லைதானே என்று மற்றவர்களுக்குத் தோன்றும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. அந்தப் போன் அணையவே கூடாது. அதற்காகவே நானும் என் மகளும் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்த போன் அது. இன்றைக்கும், யாரையாவது அழைக்கும்போது அந்த வாக்கியம் காதில் விழுந்தால் வாசலுக்குப் போய்ப் பிளாக் முனையைப் பார்த்துவிட்டு வருகிறேன். கடைக்காரரை அழைத்தாலும் அப்படித்தான்.

முந்தின வருடம் அவருக்கு மாரடைப்பு வந்திருந்தது. வேலையில் இருந்தபோது வந்தது. கீழே, மைன்ஸில். உடன் இருந்தவர்கள் அவரைத் தூக்கி ஜீப்பில் போட்டு மேலே கொண்டுவந்து, டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்து புதுச்சேரிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பும் நேரத்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. நான் எட்டாம் வகுப்பில் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். யார் மேலும் தப்பில்லை. அவர் வேலை செய்த இடத்தில் அன்று யாருடைய போனுக்கும் டவர் இல்லை. பதறிப்போனவர்கள் எனக்குச் சொல்வதா, அவரைத் தூக்குவதா? தூக்கினார்கள். அதனால்தான் அவர் பிழைத்தார். ஆனாலும் என் மனதுக்கு அந்த நியாயம் எட்டவில்லை. ஸ்டென்ட் வைத்து, ஓய்வு எடுத்து, அவர் மறுபடி டியூட்டிக்குக் கிளம்பிய நாளில் நான் வாசலில் நின்று அழுதேன்.

லைட் டியூட்டி கொடுத்தார்கள். பெரிய இயந்திரத்திலிருந்து இறக்கி, பம்ப் ஷெட்டில் உட்கார வைத்தார்கள். மைன்ஸ் என்பது நிலக்கரிக்காகப் படிப்படியாக வெட்டி இறங்கும் திறந்த குழி; ஒவ்வொரு படியையும் பெஞ்ச் என்பார்கள். அடியில் ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். அதை இரவு பகலாக மேலே இறைக்கிற பம்புகளுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். மீட்டரைப் பார்த்து, மோட்டார் சத்தத்தைக் கேட்டு, எது நின்றாலும் சொல்லியனுப்ப வேண்டும். மழை இல்லாத நாளில் அது லைட் டியூட்டிதான். ஆனால் குழியிலேயே அதற்குக் கீழே இன்னோர் இடம் கிடையாது.

"ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்துடலாம்" என்றேன் நான். அந்த வருடம் நெய்வேலியில் எல்லோரும் போன்தான் பேசினார்கள். புதிதாக வந்த ஒரு கம்பெனி, பேசுவதும் இலவசம், நெட்டும் இலவசம் என்று அறிவித்திருந்தது. மெயின் பஜாரில் ஆதார் நகலும் கையுமாகக் கூட்டம் நின்றது. எங்கள் எதிர் வீட்டு அக்கா, இன்ஜினியர் மனைவி, குடும்பத்துக்கே ஆளுக்கொன்று வாங்கி வந்துவிட்டார். "டீச்சர், ஓசில குடுக்கறான். இதுல போயி என்ன யோசனை? நீங்க பரீட்சைப் பேப்பர் மாதிரி எல்லாத்தையும் திருத்திகிட்டே இருக்கீங்க" என்றார்.

யோசித்தது நான் இல்லை, என் மகள். அப்போது பி.காம் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊர்க் கல்லூரி. தினமும் பஸ்ஸில் போய்வருவாள். அவள் செய்த முதல் காரியம் எந்தப் போனையும் பார்க்க மறுத்ததுதான்.

"முதல்ல சிம்முதாம்மா. அப்புறம்தான் போன். அப்பா இருக்கிற எடத்துல எந்தக் கம்பெனிக்கு டவர் எடுக்குதுன்னு தெரியாம போன் வாங்கறது, காலைப் பாக்காம செருப்பு வாங்கற மாதிரி."

அக்கம்பக்கத்து வீடுகளின் அலமாரிகளில் தூங்கிக்கொண்டிருந்த பழைய பட்டன் போன்களைக் கேட்டு வாங்கி வந்தாள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கம்பெனி சிம் போட்டாள். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று இன்சுலேஷன் டேப் சுற்றினாள். புதுக் கம்பெனியின் சிம் பட்டன் போனில் வேலை செய்யாது. அதற்காகத் தன் சொந்த போனையே கொடுத்து, அதற்குப் பச்சை டேப் ஒட்டினாள். பத்தொன்பது வயதுப் பெண் தன் போனை ஒரு வாரம் அப்பாவின் சாப்பாட்டுக் கூடையில் போட்டு அனுப்பினாள் என்றால் அது என்ன மாதிரிக் காரியம் என்று அந்த வயதில் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

ஒயர் கூடையில் தயிர்சாத டப்பா, மாத்திரை, நாலு போன். அவர் ஷிப்ட் இன்ஜினியரிடம் உடம்பைக் காரணம் சொல்லி அனுமதி கேட்டுக்கொண்டார். சாப்பாட்டு இடைவேளையில் மகள் இங்கிருந்து ஒவ்வொரு எண்ணாக அழைப்பாள். அவர் எடுக்கக் கூடாது, எது அடிக்கிறது என்று கேட்டுக்கொள்ள மட்டும் வேண்டும். ஒரு நாள் ஷெட்டுக்குள், ஒரு நாள் பம்ப் ஓரம், ஒரு நாள் பஸ் ஏறும் இடம்.

கூட வேலை செய்தவர்கள் அவரை விடவில்லை.

"என்னண்ணே, கீழ போன் கடை தொறக்கப் போறியா?"

"அண்ணனுக்கு நாலு வூட்லேர்ந்து போன் வருது, அதான் கலர் கலரா வச்சிருக்காரு. அண்ணிக்கு எந்தக் கலருண்ணே?"

அவர் சாயங்காலம் வந்து இதையும் சேர்த்துச் சொல்வார். எந்தக் கேள்விக்கும் பாதி பதில் சொல்லுகிற மனிதர், மகள் முன்னால் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நின்றார். "செவப்பு அடிக்கவே இல்ல. நீலம் ஒரு தடவ அடிச்சிட்டு நின்னுட்டுது. பச்சை ஷெட்டுல சுத்தமா இல்ல, மேல் பெஞ்சுக்கு ஏறினா முழுசா இருக்கு. மஞ்சள் ஷெட்டுக்குள்ளயே அடிச்சுது. ரெண்டு கோடு." மகள் என் சாக்பீஸால் சமையலறைக் கதவின் பின்பக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். நான் மிளகாய் கிள்ளிக்கொண்டே இருவரையும் பார்ப்பேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கத் தயங்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வெட்கம், அவளுக்குப் பயம். நாலு பழைய போன்கள் அதைச் சரிசெய்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

மஞ்சள் டேப் சுற்றியது பழைய கம்பெனி ஒன்றின் சிம். அதை விட்டுவிட்டு ஊரே வேறு கம்பெனிக்கு மாறிக்கொண்டிருந்த சமயம்.

"எல்லாரும் விட்டுட்டுப் போறாங்களேடி, அதையா வாங்கப் போறே?" என்றேன்.

"எல்லாரும் பம்ப் ஷெட்லயா உக்காந்திருக்காங்க?" என்றாள்.

பச்சையையும் அவள் விடவில்லை. வீட்டிலும் பஜாரிலும் அதுதான் நன்றாக இருந்தது. ஆகவே இரண்டு சிம் போடுகிற போன் வேண்டும். அப்படிப்பட்ட போன்கள் கடைக்கு ஒரு டஜன் இருந்தன.

பஜார் கடையில் எங்களுக்குப் போன் காட்டிய பெண்ணை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பாவம், நல்ல பெண். "மேடம், இதுல செல்ஃபி கேமரா சூப்பர். பியூட்டி மோட் இருக்கு, பத்து வயசு கொறைச்சுக் காட்டும்."

"சத்தமா ரிங் அடிக்குமா?" என்றேன்.

"கேமரா பாருங்க மேடம்."

"மோட்டார் ஓடற எடம்மா. அடிச்சா கேக்கணும்."

அந்தப் பெண் என் மகளைப் பரிதாபமாகப் பார்த்தாள். மகள் அவளைவிடப் பொறுமைசாலி. ஒவ்வொரு போனையும் கையில் வாங்கி, உச்ச சத்தத்தில் அடிக்க விட்டு, கடை வாசலில் லாரி போகும்போது காதுக்கு எட்டுகிறதா என்று பார்த்தாள். ஒரு சிம்மில் பேசும்போது இன்னொரு சிம் என்ன ஆகும், இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்குமா, ஈரக் கையால் தொட்டால் வேலை செய்யுமா என்று கேட்டாள். கடைக்காரரே கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "பாப்பா, இதெல்லாம் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, இரு, நானும் பாக்கறேன்" என்று டப்பாக்களைப் பிரித்தார். மூன்று கடைகளில் இப்படி நடந்தது. அந்தப் பொறுமையில் பாதியை என் வகுப்பில் பார்த்திருந்தால் நான் இன்னும் நல்ல டீச்சராக இருந்திருப்பேன்.

கடைசியில் இரண்டு போன்கள் நின்றன. ஒன்றில் பேட்டரி பெரியது, இரண்டு நாள் தாங்கும். ஆனால் செங்கல் கனம், சத்தமும் சுமார். மற்றது இலேசானது, கண்ணாடி உடைகிற மாதிரி அடிக்கும், டவர் குறைவான இடத்திலும் பிடித்துக்கொள்ளும், பேட்டரி மட்டும் சிறியது. அவரைக் கடைக்கே அழைத்துப் போனோம். கனமானதை வாங்கிப் பார்த்தார். எல்லா ஆண்களையும் போலச் சட்டைப் பையில் போட்டார். அது ஸ்டென்ட் இருக்கும் பக்கம். "எடுங்க அதை!" என்று நான் போட்ட சத்தத்தில் கடை முழுக்கத் திரும்பியது. போன் இதயத்துக்கு மேலே இருக்கக் கூடாது என்று ஸ்டாஃப் ரூமில் யாரோ சொல்லி என் தலையில் ஏறியிருந்தது. டாக்டர் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியும் இறங்கவில்லை. பேண்ட் பையில் போட்டால் கனமானது நடக்கும்போது தொடையில் இடிக்கிறது என்றார்.

"பேட்டரி சின்னதா இருந்தா பரவாயில்லையா?" என்று மகளைக் கேட்டேன்.

"சும்மா வச்சிருந்தா ஒரு நாள் முழுக்கத் தாங்கும்மா. டவர் கொறைவான எடத்துல தொடர்ந்து பேசினாத்தான் சீக்கிரம் போகும்." அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "இவர் எங்க பேசப் போறார்?"

அவரும் சிரித்தார். இலேசானதை வாங்கினோம். அவருக்கு ஏற்ற போனைத்தான் வாங்கினோம் என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்தப் போன் ஓர் ஐப்பசி முழுக்கக் குறையில்லாமல் அடித்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒரு தடவை அழைப்பேன். "ம். சாப்ட்டேன். மாத்திர போட்டேன். வச்சிடு." அந்த நாலு சொல்லுக்காகத்தான் இத்தனையும். அது காதில் விழுந்த பிறகு எனக்கு அடுத்த வகுப்பில் நிற்க முடிந்தது. ஸ்டாஃப் ரூமில் என்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. "டீச்சர் கன்ட்ரோல் ரூம்" என்று எனக்குப் பெயர் வைத்தார்கள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. பள்ளி விடுமுறை, கல்லூரி விடுமுறை. அவருக்கு விடுமுறை இல்லை; மழைக் காலத்தில் பம்ப்காரர்களுக்கு விடுமுறை ஏது? அன்று காலை இருட்டோடு மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஷிப்ட் பஸ் ஏறினார். மதியம் நான் அழைத்தபோதுதான் முதலில் அந்த 'வேறொரு அழைப்பு'. பிறகு மூன்று பத்து.

மகளிடம் சொன்னேன். அவள் என் கையிலிருந்து போனை வாங்கித் தானே ஒரு முறை அழைத்துக் கேட்டாள். பச்சை சிம் எண்ணுக்கும் போட்டாள். அது கீழே எப்போதும் எடுக்காததுதான்.

"நேத்து ராத்திரி நான்தான் சார்ஜ் போட்டேன். காலைல நூறு இருந்துது" என்றாள். சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னது உதவாது என்று அவளுக்கே தெரிந்து நிறுத்திக்கொண்டாள். சார்ஜ் இருந்த போன் அணைய வேண்டுமென்றால் தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும். அவரோடு சேர்ந்து விழுந்ததா, தனியாக விழுந்ததா?

எதிர் வீட்டில் கம்பெனியின் உள் லைன் போன் ஒன்று உண்டு. இன்ஜினியர்கள் வீட்டில் டியூட்டிக்காகக் கொடுத்திருப்பது. குடை விரிக்கவும் தோன்றாமல் தெருவைக் கடந்து ஓடினேன். அக்கா உடனே அந்தப் போனை எடுத்து ஷிப்ட் ஆபீசுக்குச் சுற்றினார். எங்கேஜ்ட். மறுபடி. எங்கேஜ்ட். கேலி பேசுகிற அந்த வாய் அன்று ஒரு வார்த்தையும் கேலி பேசவில்லை. துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிக்கொண்டே, இன்னொரு கையால் டயல் செய்துகொண்டே இருந்தார். "நீங்க வூட்டுக்குப் போங்க டீச்சர். லைன் கெடைச்சா நான் ஓடி வரேன். பொண்ணு தனியா இருக்கா பாருங்க."

பிளாக் முனையில் ஷிப்ட் பஸ் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் மேல் மட்டத்தில் வேலை செய்கிறவர்கள். ஒருவரை மறித்துக் கேட்டேன்.

"கீழ எறங்கற ரோடு முழுக்க சேறு டீச்சர். வண்டி எறங்கல. ரெண்டாவது ஷிப்டு ஆளுங்க மேலயே நிக்கறாங்க. அடில இருக்கறவங்க அங்கயேதான் இருக்கணும், பம்ப நிறுத்த முடியாதில்ல?"

"அவரைப் பாத்தீங்களா?"

"எங்க டீச்சர் பாக்கறது? மழையில பக்கத்துல நிக்கறவன் மூஞ்சியே தெரியல."

வீட்டுக்கு வந்தேன். மேஜையில் அவருடைய இரத்த அழுத்த மாத்திரை அட்டை இருந்தது. வேலை முடிந்து வந்து போடுகிற மாத்திரை. லைட் டியூட்டி என்று அனுப்பப்பட்ட மனிதர், குழியின் அடியில், விடுவிக்க ஆள் வராமல், ஏறும் தண்ணீருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். செபமாலையைக் கையில் எடுத்தேன். உருட்டுகிற ஒவ்வொரு மணிக்கும் ஒரு அழைப்பு என்று ஆகிவிட்டது. அருள்நிறை மரியே என்று ஆரம்பிப்பேன், முடிப்பதற்குள் விரல் போனை அழுத்திவிடும். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

மகள் தரையில் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, கேளு. ரெண்டு மணி நேரமா அந்தப் போன் பிஸியா இருந்துது. அப்படின்னா அங்க டவர் இருந்துது. பேசற அளவுக்கு எல்லாம் நல்லாவும் இருந்துது. ரெண்டு மணி நேரம் பேசின மனுஷனுக்கு என்ன ஆயிருக்கும்?"

அவள் சொன்னது சரியான யோசனை. அவள் எப்போதும் அப்படித்தான், ஒன்றைப் பிடித்து அடுத்ததற்குப் போவாள். ஆனால் நான் அவள் அம்மா. எனக்கு இன்னொரு வழியும் தெரிந்தது.

"பேசினது அவர்தானா?" என்றேன். "போன தடவ மாதிரி ஆகி, யாராவது அவர் போன எடுத்து ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் பேசிக்கிட்டே இருந்திருந்தா?"

அவள் சமையலறைக்குள் போனாள். டீ போடுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தபோது கதவின் பின்பக்கத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். சாக்பீஸ் எழுத்துகள் இன்னும் அழியாமல் இருந்தன. மஞ்சள், ஷெட்டுக்குள், இரண்டு கோடு. நான் போய் அவள் தோளில் கை வைத்தேன். "பெரிய பேட்டரிய வாங்கியிருக்கணும்மா" என்றாள். ஒரு மாதம் யோசித்த பெண், யோசித்ததில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில் அவரை நினைத்து எனக்கு இருந்த பயத்தைவிட அவள் மேல் வந்த மதிப்புதான் பெரிதாக இருந்தது. எப்படி என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் அப்படித்தான் இருந்தது.

இருட்டத் தொடங்கியபோது கேட்டின் கொண்டியை யாரோ தட்டினார்கள். எதிர் வீட்டு அக்கா என்று நினைத்து ஓடினேன்.

உரச்சாக்கு ஒன்றை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. முப்பது வயதுக்குள் இருக்கும். முன்பின் பார்த்ததில்லை.

"பம்ப் ஷெட்டு சாரு வூடு இதானுங்களா? டீச்சரம்மா வூடு?"

மகள்தான், "ஆமாங்க, சொல்லுங்க" என்றாள்.

"ஒண்ணும் பயமில்லீங்க. சாரு நல்லா இருக்காரு. அத்த மொதல்ல சொல்லிடறேன், அப்பறம் மத்ததெல்லாம்" என்றாள் அவள்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தேன். அவளை உள்ளே வரச் சொன்னோம். சேறாகிவிடும் என்று போர்ட்டிகோவிலேயே நின்றாள். மகள் நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

அவளுடைய ஊர் கம்மாபுரம் பக்கம். கணவன் பம்ப் ஷெட்டில் பைப் தூக்கி மாட்டுகிற கான்ட்ராக்ட் தொழிலாளி. மதியம் அவள் போனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்ததாம். எடுத்தால் கணவன்.

"ரோடு போயிடுச்சு, கீழயே மாட்டிகினு இருக்கோம், பயந்துக்காத, புள்ளைங்கள வெளிய வுடாதன்னு சொன்னாருங்க. அங்க ஒருத்தர் போனுலயும் டவரு எடுக்கலியாம். எல்லாம் ஓசி சிம்மு வச்சிருக்காங்க. மத்த நாள்ல மேல ஏறி வந்து பேசுவாங்களாம், இன்னிக்கு ஏற முடியல. சாரு போன் ஒண்ணுதான் அடிச்சுதாம். சாரு என்ன பண்ணாரு, அத்தக் குடுத்து, ஆளாளுக்கு அவங்கவங்க வூட்டுக்குப் பேசுங்கன்னுட்டாரு. எல்லாம் வரிசையா நின்னு பேசுனாங்களாம், ரேஷன் கடையாட்டம்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மதியம் நான் எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்த 'வேறொரு அழைப்பு' அதுதான்.

"எங்களுக்கு ஏன் பேசல?" என்றேன். கேட்டபோது என் குரல் சண்டை போடுவதுபோல இருந்தது.

அவள் சிரித்தாள். "எங்க வூட்டுக்காரரும் அதாங்க கேட்டாராம். அதுக்கு சாரு, 'எங்க வூட்ல டீச்சரு. தெகிரியமானவங்க. நான் கடைசியா பேசிக்கறேன்'ன்னாராம். கடைசிக்கு வரதுக்குள்ள போன் படுத்துகிச்சு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் தோள் குலுங்கியது. தைரியமானவள் நான், ஈரத் தலையோடு, கையில் செபமாலையும் போனும் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அந்தப் பெண் கணவனைத் தேடி மைன்ஸ் கேட்டுக்கே வந்துவிட்டாளாம். அவன், ரோட்டுச் சேற்றை வழித்த பிறகு மணல் மூட்டை ஏற்ற விட்ட முதல் லாரியில் மேலே வந்தவன், அவளைப் பார்த்ததும் எங்கள் பிளாக்கையும் வீட்டு அடையாளத்தையும் சொல்லி, போய்ச் சொல்லிவிட்டு வா என்று அனுப்பிவிட்டு, அதே லாரியில் மறுபடி கீழே இறங்கிவிட்டானாம். "ரெண்டாவது ஷிப்டு ஆளுங்களும் அந்த லாரிலதான் எறங்கினாங்க. நான் கண்ணால பாத்தேன். சாரு அடுத்த நடையில மேல வராராம்." அவள் மைன்ஸ் கேட்டிலிருந்து எங்கள் வீடு வரை அந்த மழையில் நடந்தே வந்திருந்தாள். பஸ் இல்லை.

மகள் உள்ளே ஓடிப் போய் டீ வைத்தாள். இந்தத் தடவை அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது. நான் ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டாள். மடியிலிருந்து பாலித்தீன் கவர் சுற்றிய ஒரு சின்ன போனை எடுத்துப் பார்த்தாள். அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். கேட்டு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அக்கா, உங்க போன்ல ஒண்ணு பேசிக்கட்டுங்களா? எங்க ஊர்ல நல்லாத்தான் எடுக்கும், டவுன்ஷிப்புல என் சிம்முக்கு டவரே இல்ல" என்றாள். "வரிசையில சாருக்கு முன்னாடி நின்ன ஆளும் பேசலியாம், அவருகிட்ட வரும்போதுதான் அணைஞ்சுதாம். அவரும் எங்க வூட்டுக்காரரும் ஒரே கான்ட்ராக்டரு கிட்டத்தான், அவரு வூட்டு நம்பரு எங்கிட்ட இருக்குது. அந்தப் பொண்ணும் உங்களாட்டந்தான் உக்காந்துகினு இருக்கும்."